இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஒரு காட்டு நடை: முழுமையான வழிகாட்டி

நாலு நாள் மலையேற்றம் போகிறவர்கள் பட்டியல் போட்டு மூட்டை கட்டுவார்கள். அரை நாளில் முடிகிற ஐந்தாறு கிலோமீட்டர் காட்டு நடைக்கு அப்படி யாரும் மெனக்கெடுவதில்லை. நானும் மெனக்கெடாமல்தான் இருந்தேன். ‘சின்ன நடைதானே’ என்று ஒரு தண்ணீர் பாட்டிலோடு கிளம்பி, இருட்டிய பிறகு செல்போன் வெளிச்சத்தில் தட்டுத் தடுமாறி வெளியே வந்த நாள் வரைக்கும்.

ஓர் ஆற்றங்கரையில் தொடங்கி, மரம் ஏற்றும் வண்டிகள் போட்ட தடங்கள் வழியே நடுவிலுள்ள காட்டு மேட்டைக் கடந்து, அடுத்த ஆற்றங்கரையில் இறங்கும் நடைக்கான வழிகாட்டி இது. காட்டில் வழி பார்க்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது என்பது என் எண்ணம். வீட்டுக்கு மதில் போல இரண்டு பக்கமும் ஆறு நிற்கிறது. அதைத் தாண்டித் தொலைந்துபோக முடியாது. ஆனால் இரண்டு மதிலுக்கு உள்ளேயே நன்றாகச் சுற்ற முடியும். அதைத் தவிர்க்க ஒரு கேள்வி போதும். நடை முழுக்க அடிக்கடி கேட்டுக்கொள்ளுங்கள்: இங்கே ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினால் அது எந்த ஆற்றுக்குப் போய்ச் சேரும்?

இதற்குப் பதில் தெரிந்தவரை நீங்கள் தொலையவில்லை. கீழே வரும் எல்லாமே இந்தப் பதிலைக் கையில் வைத்திருப்பதற்கான ஏற்பாடுகள்தான்.

1. வரைபடத்தில் மேட்டைக் கண்டுபிடியுங்கள்

முதல் நாளே நிலவரைபடம் ஒன்றை விரித்து உட்காருங்கள். 1:25,000 அளவு கிடைத்தால் நல்லது. அதில் 4 செ.மீ. என்பது நிலத்தில் 1 கி.மீ. 1:50,000 என்றால் 2 செ.மீ. இந்த நடைக்கு அதுவும் போதும். ஆனால் சின்னத் தடங்கள் சில அதில் விடுபட்டிருக்கும்.

இரண்டு ஆறுகளையும் விரலால் தொடருங்கள். நீர் எந்தப் பக்கம் போகிறது என்று அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் நடுவிலுள்ள சம உயரக் கோடுகளை, அதாவது ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் கோடுகளைப் பாருங்கள். ஓடையைக் கடக்கும் இடத்தில் அந்தக் கோடுகள் ‘V’ போல வளையும். அதன் முனை நீர் வரும் பக்கத்தை, அதாவது மேட்டை நோக்கியிருக்கும். முனை பள்ளத்தை நோக்கியிருந்தால் அங்கே இருப்பது ஓடை இல்லை, மேட்டிலிருந்து இறங்கும் ஒரு முதுகு. ஒரு பத்து நிமிடம் பழகினால் கண்ணுக்குப் பிடிபட்டுவிடும்.

இந்த ஆற்றுக்கு இறங்கும் ஓடைகளும் அந்த ஆற்றுக்கு இறங்கும் ஓடைகளும் முதுகைத் திருப்பிக்கொண்டு பிரியும் இடம்தான் நீர்பிரிமேடு. அதன் மேல் பென்சிலால் ஒரு கோடு இழுங்கள். நடையில் இதைவிட முக்கியமான கோடு வேறு இல்லை. ஒரு வேடிக்கை: சரியாக இந்த உச்சிக்கோட்டின் மேலேயே போகும் தடம் எதுவும் ஓர் ஓடையைக்கூடக் கடக்காது. ஓடைகள் பிறப்பதே அதற்குக் கீழேதான். மழைக்கு அடுத்த நாள் கால் நனையாமல் நடக்க வேண்டுமா, மேட்டுத் தடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டு ஆறுகளும் கீழே எங்காவது சேர்கின்றனவா என்றும் பாருங்கள். சேர்ந்தால் நடுநிலம் ஓர் ஆப்பு வடிவத்தில் இருக்கும். கூடுதுறைப் பக்கம் குறுகிக்கொண்டே போகும், நீர் வரும் மேற்பக்கம் விரிந்துகொண்டே போகும். அதனால் தடம் மாறினால் இரண்டு பக்கமும் ஒரே விளைவு கிடையாது. கூடுதுறைப் பக்கம் தவறினால் இரண்டு ஆறும் சேர்ந்து உங்களை ஒரு மூலைக்குத் தள்ளிவிடும், அதற்கு மேல் போக இடமில்லை. மேற்பக்கம் தவறினாலோ மதில்கள் விலகி விலகிப் போகும். முதல் தடவை போகிறவர்கள் கூடுதுறைக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு ஆறுகளுக்கும் இடையே இரண்டு மூன்று கிலோமீட்டர் இருக்கும் பகுதியைத் தேர்ந்தெடுத்தால் போதும். தடங்கள் வளைந்து வளைந்து போவதால் அதுவே நாலைந்து கிலோமீட்டர் நடையாகிவிடும்.

காட்டுக்குள் நுழைய அனுமதி வேண்டுமா, மரம் வெட்டு நடக்கிறதா, வேட்டைக் காலமா, காட்டுத்தீ அபாயத்தால் அடைத்திருக்கிறார்களா என்பதை அந்தக் காட்டைப் பராமரிக்கும் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காட்டுக்குக் காடு, பருவத்துக்குப் பருவம் விதி மாறும். போன வருடம் திறந்திருந்தது என்ற கணக்கு செல்லாது.

2. தடத்தின் புத்தியைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியைத்தான் நிறையப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். மாட்டிக்கொள்வதும் இங்கேதான்.

ஊரை ஊரோடு இணைக்கும் பாதைக்கு ஒரு போக்கிடம் உண்டு. எங்கே திரும்பினாலும் கடைசியில் மனிதர்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டு போகும். காட்டு வண்டித்தடம் அப்படிப்பட்டதல்ல. வெட்டிய மரத்தை லாரி வரை இழுத்து வருவதற்காகப் போட்டது. அதனால் ஒரு முக்கியத் தடத்திலிருந்து கிளைகள் பிரிந்து, ஒவ்வொன்றும் மரம் வெட்டிய இடத்துக்குப் போய் அங்கேயே முடிந்துவிடும். கை விரல்கள் மாதிரி. விரல் நுனியிலிருந்து அடுத்த விரல் நுனிக்கு வழி கிடையாது. உள்ளங்கைக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும்.

முக்கியத் தடம் எது, கிளை எது என்று பிரிப்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. முக்கியத் தடத்தில் ஜல்லி கொட்டியிருப்பார்கள். ஓரத்தில் வடிகால் பள்ளம் இருக்கும். ஓடை குறுக்கிடும் இடத்தில் தண்ணீர் அடியில் போகக் குழாய் பதித்திருப்பார்கள். சரக்கு லாரி ஏற வேண்டும் என்பதால் செங்குத்தாக ஏறாது, சரிவைச் சுற்றிக்கொண்டு மெல்ல ஏறும். கிளைத் தடத்திலோ இரண்டு சக்கர வரிகளும் நடுவே புல் முதுகும்தான். குழாய் இருக்காது, ஓடை தடத்தின் மேலேயே ஓடும். திடீரென்று செங்குத்தாகும். வட்டமாக அகன்ற ஒரு வெளி வந்து, சுற்றிலும் பட்டையும் சிராயும் கிடந்தால், அது வண்டி திருப்பிய இடம். தடம் அங்கே முடிந்தது. அதற்கு அப்பால் செடிகளுக்குள் தொடர்வது போலத் தெரிவது பெரும்பாலும் மரம் இழுத்த தாரை, அல்லது விலங்குகள் போகிற வழி. நம்பிப் போகாதீர்கள்.

அடுக்கி வைத்த மரக்கட்டைகள் மேல் ஏறிப் படம் எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அடியிலுள்ள ஒரு கட்டை உருண்டால் அடுக்கு முழுவதும் சரியும். தள்ளியே நில்லுங்கள்.

வரைபடத்தில் இல்லாத தடம் தரையில் இருக்கும். தரையில் இல்லாத தடம் வரைபடத்தில் இருக்கும். இரண்டும் சகஜம். பத்து வருடம் வண்டி போகாவிட்டால் செடிகள் தடத்தை விழுங்கிவிடும். ஓபன் ஸ்ட்ரீட் மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் காட்டுத் தடங்களை 1 முதல் 5 வரை தரம் பிரித்துக் குறிக்கும் வழக்கம் உண்டு. 1 கெட்டியான தளம், 5 கிட்டத்தட்ட வெறும் மண்ணும் புல்லும். 4, 5 என்று குறித்திருக்கும் தடத்தை நம்பி முழுத் திட்டத்தையும் போடாதீர்கள். மாற்று வழி ஒன்று கையில் இருக்கட்டும்.

3. நேரக் கணக்கு

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நேஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றைக்கும் உதவுகிறது: 5 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி. அதாவது 10 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு நிமிடம். 6 கி.மீ. தூரம், 180 மீட்டர் ஏற்றம் என்றால் 72 + 18 = 90 நிமிடம். இது நிற்காமல் நடக்கிற திடகாத்திரமான ஆளின் கணக்கு. சேறு, குழந்தைகள், பறவையைப் பார்த்து நிற்பது, வரைபடம் பார்ப்பது எல்லாம் சேர்த்துப் பாதியைக் கூட்டுவேன். 90 என்றால் இரண்டேகால் மணி நேரம். வந்த வழியே திரும்புவதாக இருந்தால் அதையும் சேருங்கள்.

சூரிய அஸ்தமனத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே நடை முடிகிற மாதிரி கிளம்புங்கள். அடர்ந்த காட்டுக்குள் வெளியில் இருப்பதைவிட முன்னதாகவே இருட்டிவிடும். ஆற்றங்கரைக்கு வந்து பார்த்தால் வானம் இன்னும் வெளுப்பாக இருக்கும், அப்போதுதான் உள்ளே எவ்வளவு இருட்டு என்பது தெரியும்.

4. ஆற்றின் மனநிலையை விசாரியுங்கள்

நடுநிலத்தில் பிறக்கும் சின்ன ஓடைகள் உங்கள் தலைக்கு மேல் பெய்யும் மழைக்கு உடனே பொங்கும், மழை விட்டதும் சீக்கிரமே வடியும். பெரிய ஆறுகள் வேறு மாதிரி. அவற்றின் தண்ணீர் தூரத்து மலைகளிலிருந்து வருகிறது. உங்களுக்கு மேல் நீலவானம் பளிச்சென்று இருக்க, நேற்று மேலே பெய்த மழை இன்று மதியம் உங்கள் கரைக்கு வந்து சேரலாம். மேலே அணை இருந்தால் தண்ணீர் திறப்பதையும் கவனிக்க வேண்டும். ஆகவே வானிலை அறிக்கையில் உங்கள் இடத்தை மட்டும் பார்க்காமல், இரண்டு ஆறுகளின் மேற்பகுதிகளையும் பாருங்கள்.

திட்டம் போடும்போதே இரண்டு ஆறுகளில் எதையும் நடந்து கடக்கத் தேவையில்லாதபடி போடுங்கள். நடுநிலத்துக்குள் இறங்குவதற்கும் வெளியே வருவதற்கும் பாலம் இருக்க வேண்டும். ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்று சும்மா சொல்லி வைக்கவில்லை. ஆனால் ஆழத்தைவிட வேகம்தான் ஆளைச் சாய்க்கிறது. வேகமாக ஓடும் நீர் வெறும் 15 செ.மீ. ஆழம் இருந்தாலே வளர்ந்த ஆளைக் கீழே தள்ளிவிடும். நீரின் வேகம் இரட்டிப்பானால் காலில் மோதும் விசை நான்கு மடங்காகும். தண்ணீர் கலங்கலாகிறது, இலையும் குச்சியும் மிதந்து வருகின்றன, சற்று முன் தெரிந்த கல் இப்போது தெரியவில்லை: ஆறு ஏறுகிறது என்று அர்த்தம். கரையை விட்டு மேலே வந்துவிடுங்கள்.

5. பையில் என்ன

வரைபடம் (காகிதத்தில், பிளாஸ்டிக் உறைக்குள்), காம்பஸ், விசில், டார்ச், ஆளுக்கு ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் தின்பண்டம், மழைச்சட்டை, காயத்துக்குக் கட்டு, பவர் பேங்க். வெயில் மண்டையைப் பிளக்கும் நாளாக இருந்தாலும் டார்ச்சை விட்டுப் போகாதீர்கள், என் அனுபவம் அப்படி. புதிய ஷூவை இந்த நடைக்கு முதல் தடவையாகப் போடாதீர்கள். முழுக்கால் சட்டை, கணுக்கால் மறையும் சாக்ஸ்.

செல்போனில் அந்தப் பகுதியின் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். ஃபிளைட் மோடில் போட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், பேட்டரியும் மிஞ்சும். அடர்ந்த மர நிழலிலும் ஆற்றுப் பள்ளத்திலும் அந்த நீலப்புள்ளி கொஞ்சம் அலைபாயும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கூப்பிடு தூரத்தில் இரண்டு தடங்கள் ஓடினால் எதில் நிற்கிறீர்கள் என்று புள்ளியை வைத்து முடிவு செய்ய முடியாது.

எந்தப் பாலத்தில் தொடங்குகிறீர்கள், எதில் முடிக்கிறீர்கள், எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் கவலைப்பட வேண்டும் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

6. முதல் ஆற்றிலிருந்து மேட்டுக்கு

பாலத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். நீர் எந்தத் திசையில் போகிறது என்று காம்பஸில் பாருங்கள். நீர் போகும் பக்கம் முகம் வைத்து நின்றால் வலது கைப் பக்கம் வலக்கரை, இடது கைப் பக்கம் இடக்கரை. உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டி வந்தால் ‘எந்தக் கரை’ என்று கேட்பார்கள். அப்போது இந்தக் கணக்கில் சொல்ல வேண்டும்.

தடம் ஆற்றை விட்டு ஏறத் தொடங்கும் இடத்தில் ஒரு முறை திரும்பிப் பாருங்கள். ஒவ்வொரு கிளை பிரியும் இடத்திலும் இதையே செய்யுங்கள், திரும்பி நின்று ஒரு படம் எடுங்கள். போகும்போது ஒரே பாதையாகத் தெரிந்தது வரும்போது இரண்டாகப் பிரிந்து நிற்கும். முன்னால் பார்த்து எடுத்த படத்தால் அங்கே ஒரு பயனும் இல்லை.

ஏறும் வழியில் குறுக்கே வரும் ஓடைகளை எண்ணுங்கள். வரைபடத்தில் மூன்று ஓடை, இப்போது இரண்டாவதைத் தாண்டியாயிற்று என்றால் எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்துவிட்டது. இவை காட்டுக்குள் நட்டு வைத்த மைல்கற்கள். கோடையில் வறண்டிருந்தாலும் பள்ளமும் கூழாங்கற்களும் அடியில் பதித்த குழாயும் காட்டிக்கொடுக்கும். ஓடை உங்களுக்கு இடமிருந்து வலமாகப் போகிறதா, வலமிருந்து இடமாகவா என்றும் பாருங்கள். குடத்துக் கேள்விக்கு அதுவே நேரடிப் பதில்.

7. சத்தத்தை எவ்வளவு நம்பலாம்

ஆற்றின் சத்தம் நல்ல துணை, ஆனால் பொய்ச்சாட்சியும் சொல்லும். ஒரு முறை மேட்டுக்குப் பக்கத்தில் தடம் நீண்ட வளைவு ஒன்று எடுத்தது. வலது பக்கம் ஆறு இரைவது கேட்டது. காலையில் விட்டு வந்த ஆறு என்று நினைத்துக்கொண்டு அதற்கு எதிர்ப்பக்கமாக நடந்தேன். உண்மையில் மேட்டைத் தாண்டியிருந்தேன், கேட்டது இரண்டாவது ஆறு. நாற்பது நிமிடம் நடந்து, ‘புது’ ஆற்றங்கரைக்கு வந்து பார்த்தால் காலையில் வண்டி நிறுத்திய அதே பாலம். ஓடை எந்தப் பக்கம் இறங்குகிறது என்று ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால் போதும்.

தூரத்து நீர்வீழ்ச்சியின் ஓசை பக்கத்து ஆற்றின் ஓசையை அமுக்கிவிடும். எதிர்ச் சரிவில் மோதித் திரும்பும் ஓசை ஆறு மறுபக்கம் இருப்பது போலக் காட்டும். காற்று திரும்பினால் ஆறே இடம் மாறியது போலத் தோன்றும். உச்சி மரங்களில் அடிக்கும் காற்றும் ஆறு போலவே இரையும். காற்று விட்டு விட்டு வரும், ஆறு மூச்சு விடாமல் இரையும். ஒரு நிமிடம் நின்று கேட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

மேட்டு உச்சியில் பெரும்பாலும் பெரிய காட்சி எதுவும் இருக்காது. மரங்கள்தான். தரை கொஞ்ச தூரம் சமமாகி, அப்புறம் மறுபக்கம் சாயும், அவ்வளவுதான். நான் அங்கேதான் உட்கார்ந்து சாப்பிடுவேன். அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு காதிலும் இரண்டு ஆறு கேட்கும். மண்ணும் மாறியிருக்கும்: தண்ணீர் தேங்காமல் வடிந்துவிடுவதால் பள்ளத்தைவிடக் காய்ந்திருக்கும், ஈரம் விரும்பும் பெரணிகள் குறைந்திருக்கும். இறங்க இறங்க அவை திரும்ப அடர்த்தியாகும்.

8. தடம் தப்பினால்

நில்லுங்கள். உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம் என்ற நினைப்புதான் சின்னத் தவறைப் பெரிதாக்குகிறது.

நேராக நடந்தால் எங்காவது வெளியே வந்துவிடலாம் என்பதும் நடக்காது. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் காட்டுக்குள்ளும் பாலைவனத்திலும் ஆட்களை நடக்கவிட்டு, ஜிபிஎஸ் மூலம் தடம் பார்த்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். சூரியனோ நிலவோ தெரிந்தவரை நேராக நடந்தவர்கள், அவை மறைந்ததும் தங்களுக்கே தெரியாமல் வட்டமடித்தார்கள். நேராகப் போகிறோம் என்றுதான் கடைசி வரை நம்பினார்கள். மரத்தில் பாசி வடக்குப் பக்கம்தான் படரும் என்பதையும் நம்ப வேண்டாம். ஈரமான காட்டில் அது நாலாபக்கமும் படரும்.

கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்துக்கு, வந்த தடத்திலேயே திரும்புங்கள். எடுத்து வைத்த படங்கள் இப்போது உதவும். அதுவும் முடியவில்லை என்றால் காம்பஸ் பார்த்து ஏதாவது ஒரு தடத்தைப் பிடித்து ஆற்றுப் பக்கம் இறங்கலாம். ஓடையையே வழியாக வைத்துக்கொண்டு இறங்காதீர்கள். ஓடை தனக்குத் தோதான வழியில் போகும். பாறையில் குதிக்கும், இடுக்கில் நுழையும். தடம் மனிதனும் வண்டியும் போகக்கூடிய சரிவில் போகிறது.

அடிபட்டு நகர முடியாவிட்டால் நிமிடத்துக்கு ஆறு முறை விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. ஐரோப்பிய மலைகளில் வழங்கும் இந்தச் சைகைக்கு நிமிடத்துக்கு மூன்று முறை பதில் விசில் வரும். வட அமெரிக்காவில் மூன்று விசிலே உதவிக் குரல். அவசர எண் 112 பல நாடுகளில் வேலை செய்யும், உங்கள் நாட்டுக்கு எது என்று முன்பே பார்த்து வையுங்கள். பேச முடியாத அளவுக்கு சிக்னல் மெலிந்திருந்தாலும் குறுஞ்செய்தி சில சமயம் போய்விடும். அட்சரேகை, தீர்க்கரேகையைத் தசமத்தில் நான்கு இலக்கம் வரை அனுப்புங்கள். நான்காவது இலக்கம் என்பது சுமார் 11 மீட்டர். தேடி வருகிறவருக்கு அது போதும்.

9. இரண்டாவது ஆற்றங்கரையில்

விலங்குகள் விடியலிலும் அந்தியிலும்தான் அதிகம் நடமாடும், தண்ணீருக்குத்தான் வரும். அதனால் கரைக்கு இறங்கும் கடைசி வளைவுகளில் பேசிக்கொண்டே போங்கள், காதில் பாட்டு வேண்டாம். அவற்றுக்கு நீங்கள் வருவது தெரிந்தால் பெரும்பாலும் விலகிப் போய்விடும். பாம்பு கடித்தால் கீறவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

ஆற்று நீர் பளிங்கு மாதிரி இருந்தாலும் அப்படியே குடிக்காதீர்கள். நன்றாகக் கொதித்த பிறகு ஒரு நிமிடம் கொதிக்கவிட வேண்டும். 2,000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம். கையடக்க வடிகட்டிகளில் பெரும்பாலானவை பாக்டீரியாவைத் தடுக்கும், வைரஸை விட்டுவிடும். மலம் கழிக்க ஒதுங்க வேண்டியிருந்தால் தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில் குழி தோண்டி மூடிவிடுங்கள். நடுநிலத்தில் எங்கே போனாலும் அது இரண்டில் ஓர் ஆற்றுக்குத்தான் வடியும்.

பாலம் வந்ததும் முதல் ஆற்றில் செய்தது போலவே நீரோட்டத் திசையைப் பாருங்கள். வரைபடத்தில் போட்ட அம்புக்குறியோடு ஒத்துப்போனால் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.

வீட்டுக்குப் போனதும் குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்னால் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். உண்ணிக் கடியால் பரவும் லைம் நோய் உள்ள பகுதிகளில், உண்ணி பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் கிருமி உடலுக்குள் போகிறது. அதனால் அன்றே எடுத்துவிடுவது லாபம். மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும், திருகக் கூடாது. அப்புறம் அந்த வரைபடத்தை எடுத்து, தரையில் இல்லாமல் போன தடங்களைப் பென்சிலால் அடித்துவிட்டு, புதிதாகப் பார்த்தவற்றை வரைந்து தேதி போட்டு வையுங்கள்.